முன்னே நகர்ந்த ஒரு மணி

அரசாங்கம் ஒரு மணி நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி படுத்த நாமெல்லாம், லாகூரிலிருந்து ராமேசுவரம் வரை, மறுநாள் ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்கித்தான் எழுந்தோம். யுத்தத்துக்காக டில்லியில் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தேசம் முழுவதும் கடிகார முள் ஒரே ராத்திரியில் ஒரு மணி தாண்டிக் குதித்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை அந்த விடியற்காலையில் என் கழனியில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் பெயர் வீரராகவன். திருநின்றவூரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலம் உண்டு. மெட்ரிகுலேஷன் வரை போய் அதில் இரண்டு முறை மூழ்கி எழுந்தவன் என்பதால், ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற பெயரும் உண்டு. தாலுகா கச்சேரிக் கடிதம், பூந்தமல்லி கோர்ட்டுச் சம்மன், தந்தி, எது வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வரும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்து அர்த்தம் சொல்லுவேன். 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் மட்டும் எனக்கு இருந்ததில்லை.

இங்கிலீஷில் எனக்குக் கிலி பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று. நாளையும் நேரத்தையும் நகர்த்தும் இடம். நாம் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டோம் என்றால் அதோடு விஷயம் தீர்ந்தது. வெள்ளைக்காரன் அப்படி விடுவானா? போஸ்ட்போன் என்பான், புட் ஆஃப் என்பான், புட் பேக் என்பான், பிராட் ஃபார்வர்டு என்பான், அட்வான்ஸ் என்பான். பேக் என்றால் பின்னால். பின்னால் என்றால் போன வாரமா, வருகிற வாரமா? ஒரு முறை, நிலவரிக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தித் தேதி 'பிராட் ஃபார்வர்டு' என்று கடிதம் வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'தேதி மாறியிருக்கிறது, நான் சொல்லும்போது கிளம்புங்கள்' என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போகிற சாக்கில் கச்சேரிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தேன். ஊருக்கு அது தெரியாது. என் இங்கிலீஷின் மேல் ஊருக்கு மரியாதை கூடியதுதான் மிச்சம்.

இப்போது எங்கள் தண்ணீர் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஏரி நிறைந்திருக்கும்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆவணி பிறந்து தண்ணீர் மதகுக் கல்லுக்குக் கீழே இறங்கியதும் முறை வைத்துவிடுவோம். எட்டு நாளைக்கு ஒரு தரம், ஒவ்வொருவருக்கும் இத்தனை நேரம். முன்காலத்தில் ஓட்டைச் செம்பு ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்குகிற நேரத்தை வைத்து அளந்தார்களாம். செம்பின் ஓட்டையை யாரோ பெரிதாக்கிவிட்டான் என்று சண்டை வந்து இரண்டு மண்டை உடைந்ததாம். அதற்குப் பிறகு ஊர் கூடி ரயிலை வைத்துக்கொண்டது. மெயில் போனால் ஒருவர் முறை முடிந்தது, பாசஞ்சர் வந்தால் அடுத்தவர் முறை முடிந்தது. ரயில் யாருக்கும் பங்காளி இல்லை, யாருக்கும் சம்பந்தி இல்லை. வண்டி தாமதமானால் அது அவரவர் யோகம். அதற்காக யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வண்டி போனதும், முறை முடிந்தவர் தன் மடையைத் தன் கையாலேயே அடைக்க வேண்டும். அடுத்தவர் மடையை நாம் தொடக் கூடாது. இந்த இரண்டையும் மீறியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. தண்ணீருக்காக எங்கள் ஊருக்குப் போலீஸ் வந்ததில்லை என்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, ராத்திரி பத்து மணி மெயில்வரை கங்காதரன் முறை. அவன் நிலம் மதகுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி பாசஞ்சர்வரை கெங்கம்மாள் முறை. ஆறிலிருந்து பகல் பதினொரு மணி வண்டிவரை என் முறை.

கெங்கம்மாள் சேரிப் பக்கத்தவள். வாய்க்காலின் கடைக்கோடியில், என் நிலத்துக்கு அடுத்தாற்போல், அரைக்காணியை விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதாள். புருஷன் மதுரைவீரன் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிற இடத்தில் மண் சுமக்கப் போய்விட்டான். வாரத்தில் ஒரு நாள்தான் தலையைக் காட்டுவான். நாற்று நட்டது அவள், களை எடுத்தது அவள். பயிர் அப்போது பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. அந்த ஒரு முறைத் தண்ணீர் சரியாகக் கிடைத்தால் நெல். கிடைக்காவிட்டால் எல்லாம் பதர். அடுத்த முறைக்கு எட்டு நாள் அந்தப் பயிர் தாங்காது.

கடைக்கோடி என்பதால் அவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பத்து மணிக்குத் திருப்பிவிட்ட தண்ணீர், வெடித்துக் கிடக்கும் வாய்க்காலை நனைத்து நனைத்து அவள் நிலத்துக்கு வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கு வரும். ஆறு மணிக்கு வண்டி வரும். எட்டு மணி நேர முறையில் அவள் பயிர் உண்மையில் குடிப்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை ஸ்டேஷனில், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், அச்சடித்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. முழுக்க இங்கிலீஷ். கங்காதரன் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனான். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். விற்பதற்காகப் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கெங்கம்மாளும் வேலியோரம் நின்றாள்.

"இன்னா வாத்யாரே போட்டுகீது?" என்றான் கங்காதரன்.

இரண்டு முறை உரக்கப் படித்தேன். செப்டம்பர் முதல் தேதி முதல் கடிகாரங்கள் 'அட்வான்ஸ்டு பை ஒன் அவர்' என்று இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரம் ஒரு மணி முன்னாடி போகுது" என்றேன்.

"முன்னாடின்னா, வண்டி சீக்கிரமா வந்துடுமா வாத்யாரே?" என்று வேலியோரத்திலிருந்து கெங்கம்மாள் கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சந்தேகம் இருக்கிறவனுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். "நீ நினைக்கிற மாதிரி இல்லை அது" என்றேன். "பட்டாளம் அட்வான்ஸ் ஆகுதுன்னா இன்னா அர்த்தம்? மேலே மேலே போகுதுன்னு அர்த்தம். ஆறு மணி மேலே போனா எங்க போய் நிக்கும்?" குடைக் காம்பால் தரையில் கடிகாரம் வரைந்து காட்டினேன். "ஏழுல நிக்கும். இனிமே ஆறு மணி வண்டி நமக்கு ஏழு மணிக்கு வரும்."

உள்ளே ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் போய்க் கேட்பதாவது.

கங்காதரன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். "அப்ப கெங்கம்மாளுக்கு ஒரு மணி நேரம் கூடக் கெடைக்குதே" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "என் கீழ்த் துண்டு காஞ்சி கெடக்குது. திங்கக்கெழம ராத்திரி முன்னால ஒரு மணி எனக்கு உட்டுக்குடு. பின்னால ஒரு மணி உனக்குச் சர்க்காரே குடுக்குது. உனக்கு ஒண்ணும் கொறையாது."

அவன் மோசக்காரன் இல்லை. அவன் பயிரும் காய்ந்துதான் கிடந்தது. கெங்கம்மாள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"வாத்யாரு சொன்னா சரி" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையை அப்போதே யாராவது குட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன். ஏழு மணிக்குத்தானே வண்டி, பல் துலக்கிக் காபி குடித்துவிட்டே போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாத்யாரே... வாத்யாரே..."

வீட்டின் பின்பக்கத்திலிருந்து குரல். விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை சேறோடு கெங்கம்மாள் நின்றாள். அவள் எங்கள் தெருப் பக்கம் அதற்குமுன் வந்ததே இல்லை. எங்கள் தெரு அவளை வரவிட்டதில்லை என்று சொல்லுவதுதான் நேர்மை. வானத்தில் நட்சத்திரம் அப்படியே இருந்தது.

"இன்னாம்மா இந்நேரத்துல?"

"உங்க மொறை வந்துட்ச்சி வாத்யாரே. ஆறு மணி வண்டி பூட்ச்சி."

"உளறாதே. கூட்ஸா இருக்கும்."

"கூட்ஸு நிக்காது. இது டேசன்ல நின்னுச்சி, ஆளுங்க எறங்குனாங்க. பச்ச வெளக்கு காட்டுனப்புறம்தான் கெளம்பிச்சி."

உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். நான் முள்ளைத் தொடவில்லை; அது பழைய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தேகால். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முள்ளை முன்னால் தள்ளினால் ஐந்து மணிக்கே ஆறு ஆகிவிடும். ஆறு மணி வண்டி ஐந்துக்கே வந்துவிடும். வேலியோரத்தில் நின்று புல் விற்கிறவளுக்குத் தோன்றியது, கண்ணாடி போட்ட எனக்குத் தோன்றவில்லை. யுத்தம் ஆரம்பித்த நாளாக ஒரு நாளும் நேரத்துக்கு வராத வண்டி, அன்றைக்குப் பார்த்துப் புது நேரப்படி டாணென்று வந்து நின்றிருக்கிறது.

முன்னால் ஒரு மணி கங்காதரனுக்குப் போயிற்று. தண்ணீர் அவளிடம் வந்து சேர்ந்ததே நான்கு மணிக்கு. பின்னால் ஒரு மணி டில்லிக்குப் போயிற்று. மூன்று மணி நேரம் பாய வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம்.

"உன் கழனி எவ்வளவு நனைஞ்சுது?"

"மேல்த் துண்டு நனைஞ்சுது. வாங்க, உங்க தண்ணிய பாத்துக்கோங்க." அவ்வளவுதான் சொன்னாள். குரலில் ஒரு குத்தல் இல்லை. ஒரு குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவள் நாலு அடி தள்ளி வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. என் கழனியைப் பார்த்து நின்றுவிட்டேன். நீர் பாய்ந்து வரப்புக்கு வரப்பு மினுமினுத்துக்கொண்டிருந்தது. என் மடை திறந்திருந்தது. அதற்குக் கீழே வாய்க்கால் ஒழுங்காக மண் போட்டு மறிக்கப்பட்டிருந்தது.

"யாரு திறந்தது?"

"நான்தான்" என்றாள். "வண்டி பூட்ச்சி, என் மடைய அடைச்சிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள தண்ணி ஓடையில பூடுமேன்னு உங்களுத தொறந்துட்டேன். அடுத்தவங்க மடைய தொடக் கூடாது, தெரியும். தப்புன்னா சொல்லுங்க."

நான் அவள் நிலத்தைப் பார்த்தேன். முதல் துண்டு மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. மற்றதெல்லாம் விரல் நுழைகிற வெடிப்பு.

அந்த இருட்டில் அவளைத் தவிர ஒரு ஜீவன் அங்கே இல்லை. கட்டுப்பாடு போட்ட ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஏழு மணிக்கு என்று சொன்னவனும் தூங்கிக்கொண்டிருந்தான். பேசாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? 'வாத்தியார் சொன்னார், நான் இருந்தேன்' என்று சொல்லியிருந்தால் யார் மறுத்திருக்க முடியும்? காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டே, அதன் வாயில் போகிற தண்ணீரைத் தன் கையால் அடைத்து, என் பயிருக்குத் திருப்பிவிட்டு, வரக் கூடாத தெருவுக்கு வந்து என்னை எழுப்பியிருக்கிறாள். கோயிலில்கூட நான் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

"நான் சொன்னது தப்பு, கெங்கம்மா" என்றேன். ஐம்பது வயதுக்குள் நான் சொன்ன முதல் 'தப்பு' அதுதான்.

"வாத்யாரு இன்னா பண்ணுவாரு. வண்டிதான நம்ம கணக்கு" என்றாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். என் மடையை அடைத்தேன். சாக்பீஸ் பிடித்த கை. நாலு வெட்டு வெட்டுவதற்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. வாய்க்காலை மறித்திருந்த மண்ணை வாரி எறிந்தேன்.

"இன்னா பண்றீங்க? மொறை உங்களுது."

"என் முறைத் தண்ணி எங்க போகணும்னு நான்தானே சொல்லணும்? உன் மடைய நீ திற. பதினொரு மணி வண்டி வரைக்கும் வெச்சுக்கோ."

அவள் போய்த் தன் மடையைத் திறந்தாள். வாய்க்கால் ஏற்கெனவே நனைந்திருந்ததால் தண்ணீர் தாமதமில்லாமல் ஓடியது. வெடிப்புக்குள் அது இறங்கும்போது வந்த சத்தம் இருக்கிறதே, தாகத்தில் மனுஷன் மடமடவென்று குடிக்கிற சத்தம்தான். அந்தச் சமயத்தில் ஏரிக்கரைக்கு மேலே சூரியன் வந்தது. என் கடிகாரத்தில் ஆறு. சர்க்கார் கணக்கில் ஏழு. அந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாததுபோல அது வழக்கமான இடத்தில், வழக்கமான சிவப்பில் எழுந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்டால், அந்தப் பக்கத்தில்தான் கெங்கம்மாளும் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

வரப்பில் உட்கார்ந்தேன். அவள் துண்டுக்குத் துண்டு காலாலேயே மண்ணைத் தள்ளித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனாள். கொக்குகள் வந்து இறங்கின. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எந்த நேரப்படி என்று எனக்கே தெரியாதபோது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பயிர் முழுவதும் நனைந்துவிட்டது, ஒரு மூலையைத் தவிர. என் வரப்பை ஒட்டிய மேட்டு மூலை அது. தண்ணீர் கடைசியாகத்தான் ஏறும். அது ஏறப்போகிற நேரத்தில் கெங்கம்மாள் நிமிர்ந்து, கரையில் நின்ற ஒற்றைப் பனையின் நிழல் விழுகிற இடத்தைப் பார்த்தாள்; அவளுக்குக் கடிகாரம் அதுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் மடையை அடைத்து, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் அடைச்சே? மூலை காயுது. வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குதே."

"எனக்குப் போனது ரெண்டு மணி நேரம்" என்றாள். "வந்துட்ச்சி. மிச்சம் உங்களுது, வாத்யாரே."

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டு அடித்து ஒரு நிமிஷம். அவள் தண்ணீர் திறந்து இரண்டு மணி நேரமும் ஒரு நிமிஷமும்.

"இன்னும் கொஞ்சம் விட்டா மூலையும் நனைஞ்சுடும்" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினேன்.

"மூலை போனா போவுது. இது போதும்" என்று சொல்லிவிட்டு, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, புல் அறுக்கப் போய்விட்டாள்.

வாய்க்காலை மறித்து, தண்ணீரை என் பக்கம் திருப்பினேன். என் கழனி மறுபடியும் நிறையத் தொடங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் மடையை நான் தொட முடியாது; கட்டுப்பாட்டை இருட்டில் காப்பாற்றியவள் எதிரில் வெளிச்சத்தில் அதை மீறுகிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் என் வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிற தண்ணீர் என்னுடையது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம்.

கரையில் கிடந்த பனையோலைப் பட்டையை எடுத்தேன். என் கழனியில் நின்றபடியே, குனிந்து மொண்டு, வரப்புக்கு மேலாக அவள் மூலையில் ஊற்றினேன். ஊற்றின தண்ணீர் ஊற்றின இடத்திலேயே காணாமல் போயிற்று. மறுபடியும் மொண்டு ஊற்றினேன். வழியில் போன கங்காதரன் நின்று பார்த்தான், ஏதோ கேட்டான். "என் இங்கிலீஷ் தப்பு, உன் முறையில் ஒரு மணி அவளுக்குப் பாக்கி" என்று மட்டும் சொன்னேன். நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று நிமிரவில்லை.

பதினொரு மணி வண்டியின் சத்தம் கேட்டபோது பட்டையைக் கீழே வைத்தேன். மூலை நனைந்திருந்தது. பிறகு போய் என் மடையை என் கையால் அடைத்தேன்.